ஆடி வெள்ளியும் ஆரஞ்சு விளக்கும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் வரும், யோசனை அப்புறம்தான் வரும். என் வீட்டுக்காரர் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னதற்கும் கத்தியிருக்கிறேன். ஆனால் அந்த ஆடி மாதம் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவ்வளவும் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துத்தான்.

எம்.ரெட்டியபட்டியில் எங்களுக்கு மளிகைக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நான் பிறந்ததும் கடைக்காரர் வீட்டில்தான், பாலவனத்தத்தில். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணத்துக்குப் பிறகும் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அல்ஜீப்ரா எடுக்கும்போது கடைசி பெஞ்சில் ஒரு முகம் மெல்லத் தெளிவதைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய் வந்தேன். மாமனாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்ட பிறகு அது நின்றது. கடையை வீட்டுக்காரர் பார்க்க, மாமனாரை நான் பார்க்க வேண்டியதாயிற்று. யாரும் என்னை வேலையை விடச் சொல்லவில்லை. விடாமல் இருக்கவும் வழியில்லை. அப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது.

அந்த எட்டு வருடமும் கனவில் எனக்குக் கரும்பலகை வரும். சாக்பீஸைக் கையில் எடுப்பேன். எழுதுவதற்குள் முழிப்பு வந்துவிடும். எழுந்து மாமாவுக்குக் கஞ்சி வைக்கப் போவேன்.

வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று பழைய பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி செய்தி அனுப்பினாள். எழுத்துத் தேர்வு எழுதினேன், தேறிவிட்டேன். அடுத்து மாதிரி வகுப்பு. கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை போலத் திரையில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். நான் நாற்பது நிமிடம் பாடம் நடத்த வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்த வகுப்பு செல்லாது. மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கிழமைதான் ஒதுக்கியிருந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விதி. எனக்கு ஆவணி பிறந்தால் நாற்பது. ஆடியில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் பாடம் நடத்துவது முடிந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

லேப்டாப் பெங்களூரில் இருக்கும் என் தம்பி கொடுத்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆன பழசு. நெட் கேபிள் சொருகும் ஓட்டை உடைந்திருந்ததால் வை-ஃபையை விட்டால் வேறு கதியில்லை. செல்போன் சிக்னல் எங்கள் வீட்டில் மொட்டை மாடிக்குப் போனால்தான் கிடைக்கும், அதுவும் காற்றடித்தால் போய்விடும். மற்றபடி லேப்டாப் நன்றாகவே ஓடியது. விசைகளுக்கு மேலே, திரைக்குக் கீழே, ஒரு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் சத்தத்தைக் கூட்ட, குறைக்க, மொத்தமாக அடைக்க, வை-ஃபையை அணைக்க என்று வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். அழுத்த வேண்டியதில்லை, விரல் பட்டாலே போதும். வை-ஃபை இருந்தால் அதன் விளக்கு நீலமாக எரியும். அணைந்தால் ஆரஞ்சாக மாறும். வந்த புதிதில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி விளையாடினேன்.

முதல் வகுப்பு ஆடி முதல் வெள்ளியில் வந்தது. நல்ல நாளில் வந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். விடிவதற்குள் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, மாமாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். எங்கள் இரண்டு வீட்டிலும் வெள்ளிக்கிழமை என்றால் வேலை செய்கிற பொருளுக்கெல்லாம் பொட்டு உண்டு. கடையில் தராசு, கல்லாப்பெட்டி, மூட்டை தூக்கும் கொக்கி, வாசலில் நிற்கும் வண்டி. வீட்டுக்குள் கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின். சோறு போடுகிற பொருளைத் தொட்டுக் கும்பிடாமல் வெள்ளிக்கிழமை வேலையைத் தொடங்கினால் எங்களுக்குக் கை ஓடாது. லேப்டாப்புக்கு எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்தேன். மூடிக்கு வைத்தால் திறந்ததும் அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும், என் கண்ணுக்குத் தெரியாது. விசைகளுக்கு வைத்தால் எழுத்து மறைந்துவிடும். எழுத்தில்லாத அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் தோதாக இருந்தது. பத்தரை மணி வாக்கில் பன்னீரில் குழைத்த சந்தனத்தை வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

பதினொரு மணிக்கு வகுப்பு தொடங்கியது. பின்னம்தான் பாடம். கடையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து வைத்திருந்தேன். அதைப் பாதியாக உடைத்து, பாதியில் பாதியை உடைத்துக் காட்டினேன். திரையில் இருந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிஸ், எல்லாத்தையும் நீங்களே சாப்பிட்டா பின்னம் என்ன ஆகும்?" என்று பிள்ளை போலவே கேட்டார். எனக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான் தொடாமலே சத்தத்தைக் காட்டும் கோடு திரையில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. விளக்கு ஆரஞ்சாக மாறியது. அந்த அம்மாள் முகம் பாதிச் சிரிப்போடு அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

மொட்டை மாடிக்கு ஓடிப் போய்ப் போனில் பேசினேன். "உங்க கனெக்ஷன் கட் ஆயிடுச்சு மேடம். அடுத்த வெள்ளிக்கிழமை இதே நேரம் வாங்க. நல்லாத்தான் நடத்துறீங்க, லைனை மட்டும் சரி பண்ணிக்குங்க" என்றார் அந்த அம்மாள்.

லைனை என்று சொன்னாரா, எனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டான். எங்களுக்கு நெட் லைன் கொடுத்திருந்தது திருச்சுழியில் ஒருவர். அவரிடம் வேலை பார்த்த லைன்மேன்தான் எங்கள் ஊருக்கும் சுற்றுப்பட்டிக்கும் வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியில் ஒரு சுருள் கறுப்பு வயரும், ஒரு பெட்டியும், கம்பத்தில் ஏறுகிற கயிறுமாக வருவார். ஆடிக் காற்றுக்குக் கரிசல் மண் பறந்து அவர் புருவம்கூட வெளுத்திருக்கும். போன் பண்ணிய அன்று மத்தியானமே வந்துவிட்டார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார், கடைக்குள் இருந்த மோடத்தைப் பார்த்தார், தன் போனில் படம் ஓடவிட்டுக் காட்டினார். படம் தடையில்லாமல் ஓடியது.

"லைன்ல ஒண்ணுமில்லக்கா. கண்ணாடி வயருக்குள்ள வெளிச்சம் நல்லாத்தான் வருது."

"ஒண்ணுமில்லன்னா என் வகுப்பு எப்படிப்பா அந்துச்சு? காத்துல உன் வயரு ஊஞ்ச ஆடுது, அதைப் பாத்தியா நீ?"

"வயரு ஆடுனா நெட்டு போகாதுக்கா."

"ஆமா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு."

அவர் போன பிறகு அவருடைய முதலாளிக்கு ஒரு புகார் எழுதி அனுப்பினேன். வேலையில் கவனம் இல்லை, கேட்டால் எதிர்த்துப் பேசுகிறார் என்று எழுதினேன். எதிர்த்து அவர் ஒன்றும் பேசவில்லை. கோபத்தில் கை அப்படித்தான் எழுதியது.

சனிக்கிழமையிலிருந்து லேப்டாப் தங்கமாக இருந்தது. தோழியோடு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசிப் பார்த்தேன், ஒரு துளி அறவில்லை. திங்களும் அப்படித்தான், செவ்வாயும் அப்படித்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை மாமாவை வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் ஒரு ரிப்பேர் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனேன். கிளம்பும் முன்னால் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டேன். இதுவும் எங்கள் வீட்டு வழக்கம்தான். பாலவனத்தத்தில் அப்பா தராசைச் சர்க்கார் முத்திரை போடக் கொண்டுபோகும்போது பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். கும்பிட்ட கோலத்தோடு ஒரு பொருளை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது.

ரிப்பேர் கடைக்காரர் நிதானமானவர். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. வை-ஃபைக்கு உண்டான மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். உள்ளே ஊதித் தூசி எடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஒரு கோளாறும் சிக்க மாட்டேங்குதும்மா. இந்த மாதிரித் தொடுபொத்தான் வச்ச மாடல்ல சில நேரம் தானா வேலை செய்யும். காத்து காஞ்சு கெடக்குல்ல, அதுனாலகூட இருக்கும். மறுபடி வந்துச்சுன்னா, பேட்டரியைக் கழட்டிட்டு, ஆன் பண்ணுற பொத்தானை அரை நிமிசம் அமுக்கிப் பிடிங்க. அப்புறம் போட்டுப் பாருங்க."

அதை நான் ஒரு நாளைக்கு நாலு தடவை செய்தேன். மாத்திரை போல, சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும்.

இரண்டாவது வெள்ளி வந்தது. போன வாரம் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்த முறை ஒரு பொட்டு போதாது என்று மூன்று வைத்தேன், இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாக. சூடம் காட்டினேன். கண்ணை மூடி நின்று, இந்த ஒரு தடவை காப்பாற்று, வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

வகுப்பு தொடங்கிய நாலாவது நிமிடத்தில் விளக்கு ஆரஞ்சானது.

விரலால் தொட்டேன், நீலமானது. கையை எடுப்பதற்குள் ஆரஞ்சு. மறுபடி தொட்டேன், நீலம். அந்த அம்மாள் முகம் வந்து வந்து போனது. "மேடம், கேக்குதா? மேடம்?" என்று ஒரு குரல், பிறகு அதுவும் இல்லை. பேட்டரியைக் கழற்றினேன், அவசரத்தில் அது கீழே விழுந்தது. எடுத்து மாட்டி, லேப்டாப்புக்கு மறுபடி உயிர் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கரும்பலகைக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்புக்காகச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டியிருந்தேன். அதில் 'பின்னம்' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தது.

லைன்மேன் அன்றும் வந்தார். நான் கூப்பிட்ட விதத்துக்கு வேறொருவராக இருந்தால் வந்திருக்க மாட்டார். வயர் ஒட்டும் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அதன் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். அவரும் காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். என் லேப்டாப்பில் இருந்த மூன்று பொட்டையும் பார்த்தார். எங்கள் ஊரில் பொட்டு வைத்த பொருளைப் பார்த்து யாருக்கு என்ன தோன்றும்? அவர் பார்த்தது விளக்கை மட்டும்தான். அதற்குள் மத்தியானம் ஆகியிருந்தது, பொட்டு காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. விளக்கு பெரும்பாலும் நீலமாகவே எரிந்தது. அவர் விடாமல் குந்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை அது ஆரஞ்சாகிப் பிறகு நீலமானது.

"அக்கா, பாத்தீகளா? லைன் கோளாறுன்னா இந்த லைட்டு மாறாது. மோடம் அணைஞ்சாக்கூட இது நீலமாத்தான் எரியும். உங்க மெசினுதான் தானா வை-ஃபையை அணைக்குது. அதைத்தான் பாக்கணும்."

"மெசினை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோயிப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லன்னுட்டாரு. நீ என்ன லேப்டாப்பு டாக்டரா?"

"இல்லக்கா, லைட்டப் பாத்துச் சொல்லுறேன்."

"உன் தப்பை மறைக்க என் பொருளைக் குத்தம் சொல்லுற."

மாடிப்படியில் ஏறி நின்று, அவர் காதுபடவே அவருடைய முதலாளியைப் போனில் கூப்பிட்டேன். இவரை மாத்துங்க, இல்லைன்னா லைனைக் கழட்டிட்டுப் போங்க, தெருவுல இருக்குற மத்த வீட்டுக்காரங்களையும் கழட்டச் சொல்லுறேன் என்றேன். எழுதியும் அனுப்பினேன். கடைக்காரர் வீட்டுப் பெண் சொன்னால் தெருவில் நாலு பேர் கேட்பார்கள் என்று அந்த முதலாளிக்குத் தெரியும். நான் பேசி முடிக்கும்வரை லைன்மேன் மெஷினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அவசரம் இல்லாமல் பூட்டினார்.

"வாரேன்க்கா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தாளு ஒழுங்காத்தானே வந்து பாக்குறாரு, ஏன் இப்பிடிப் பேசுற?" என்றார். அவருக்கும் கிடைத்தது. நான் வேலைக்குப் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் எவன் பக்கமோ பேசுகிறீர்கள் என்றேன். அவர் கடைக்குள் போய்விட்டார். பருப்பு அளக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

புதன்கிழமை வேறொரு ஆள் வந்து லைனைப் பார்த்தார். பழைய ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், இனி இந்தப் பக்கத்துக்கு நான்தான் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது. புதிய ஆள் வந்த ராசி, அன்றும் மறுநாளும் நெட் அப்படியே பாய்ந்தது. பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டினேன்.

மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாள் திருச்சுழிக்குப் போய்க் கோயிலில் திருநீறு வாங்கி வந்தேன். கடைசி வாய்ப்பு. தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகாது. யாரும் திட்ட மாட்டார்கள். மாமாவுக்குக் கஞ்சி வைப்பேன், கடைக்குப் பொட்டலம் மடித்துக் கொடுப்பேன், வயது போகும். அந்த ஒன்றும் ஆகாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, குளித்த ஈரத்தோடு உட்கார்ந்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் அந்தக் கறுப்புக் கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பூசினேன். அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். லேப்டாப் சாமி மாதிரியே இருந்தது.

பத்தே கால் மணிக்குப் போட்டுப் பார்த்தேன். விளக்கு ஆரஞ்சு. தொட்டால் நீலம், உடனே ஆரஞ்சு. சத்தக் கோடு பேய் பிடித்த மாதிரி ஏறி இறங்கியது. பேட்டரியைக் கழற்றினேன், அரை நிமிடம் அமுக்கினேன், மாட்டினேன். ஆரஞ்சு. மறுபடி கழற்றினேன். ஆரஞ்சு. மோடத்தை அணைத்துப் போட்டேன். ஆரஞ்சு. பத்தரை. உள்ளேயிருந்து மாமா ஏதோ கேட்டார். "சும்மா கெடங்க மாமா!" என்று கத்தினேன். எட்டு வருடத்தில் அவரை நான் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

வீட்டுக்காரர் கடையில் நின்ற ஆளை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "என்ன செய்யணும், சொல்லு" என்றார். "என்னத்தைச் செய்ய? புது லைன்மேன், புது மென்பொருளு, எல்லாம் மாத்தியாச்சு. எனக்கு விதிச்சது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். கடையில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். என் நெற்றி அந்தக் கறுப்புக் கண்ணாடி மேல்தான் கிடந்தது. கண்ணீரும் வியர்வையுமாக எல்லாம் அதன் மேல் வழிந்தது. நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அப்புறம் லேப்டாப் நனைந்துவிட்டதே என்று அதையும் அழுத்தித் துடைத்தேன்.

விளக்கு நீலமானது. நீலமாகவே இருந்தது.

முந்தானையைப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக அப்பியிருந்தது. நான் கணக்கு டீச்சர். ஒரு தடவை நடந்ததை நம்ப மாட்டேன். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு வை-ஃபை படத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தேன். ஆரஞ்சு. துடைத்தேன். ஒரு தடவை தொட்டேன், நீலம். மறுபடி வைத்தேன். ஆரஞ்சு. ஈரச் சந்தனத்தை அந்தக் கண்ணாடி விரல் என்று நினைத்துக்கொள்கிறது. காயும்வரை யாரோ விரலை வைத்துக்கொண்டே இருப்பதாக நினைத்து, அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு விளையாடியிருக்கிறது. மற்ற நாளில் பொட்டில் ஈரம் இல்லை, கோளாறும் இல்லை. ரிப்பேர் கடைக்குத் துடைத்துக் கொண்டுபோனேன், அவருக்கும் சிக்கவில்லை. வேண்டுதல் கூடக் கூடப் பூச்சும் கூடியது, பூச்சு கூடக் கூடக் கோளாறும் கூடியது.

"ஏங்க, நான்தாங்க. மூணு வாரமும் நானேதாங்க" என்றேன்.

அவர் உள்ளே போய்க் காய்ந்த துணி ஒன்றை எடுத்து வந்தார். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மெல்லிய இடுக்கு உண்டு, அதற்குள்ளும் சந்தனம் போய் இறுகியிருந்தது. என் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, நுனியால் கீறிக் கீறி எடுத்தேன். அவர் டார்ச் பிடித்தார். மூன்று வாரப் பக்தி, பொடிப் பொடியாக வந்தது. முடித்தபோது பதினொன்றுக்கு நாலு நிமிடம்.

அழுத முகத்தோடுதான் பாடம் நடத்தினேன். நெற்றியில் என் பொட்டும் கலைந்திருந்தது. கடலை மிட்டாயை உடைத்தேன். பாதி, கால், அரைக்கால் என்று போய், எந்தப் பின்னத்தையும் இன்னும் உடைக்கலாம் என்று சொன்னேன். அந்த அம்மாள், "அப்ப முடிவே கிடையாதா மிஸ்?" என்று கேட்டார். நடிக்காமல் கேட்டது போல இருந்தது. கிடையாது என்றேன். நாற்பது நிமிடமும் விளக்கு நீலமாக எரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மெயிலில் கடிதம் வந்தது, எடுத்துக்கொண்டோம் என்று. வீட்டுக்காரர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தார். நான் மாமாவிடம் போய்க் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். நல்ல கையால் என் தலையைத் தடவினார்.

அவரிடம் கேட்டாயிற்று. இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

முதலில் முதலாளிக்குப் போன் செய்தேன். கோளாறு என் வீட்டில்தான், அந்த ஆள் சொன்னதுதான் சரி, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "நீங்க ரெண்டு தடவை எழுதிக் குடுத்தீகளேம்மா. இப்ப வேற ஆளு போட்டாச்சு. அவரையும் நிறுத்த முடியுமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கெஞ்சினேன். பார்ப்போம் என்றார். பார்க்கப் போவதில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

லைன்மேன் நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு வெள்ளிக்கிழமையும் அதில் கூப்பிட்டுத்தானே கத்தினேன். மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். பின்னால் லாரி சத்தமும் ஆட்கள் சத்தமும் கேட்டது. அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக் குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கட்டிக் கம்பத்தில் ஏறுகிறவர், மெல்லிய கண்ணாடி இழையை மெஷினில் வைத்து ஒட்டத் தெரிந்தவர், பொதி தூக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் ரெட்டியபட்டிக் கடை வீட்டுல இருந்து பேசுறேன்."

"சொல்லுங்கக்கா. லைன் திரும்பப் போயிருச்சா?"

இல்லை தம்பி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, ஈரம், விளக்கு, எல்லாம். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, உன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் தம்பி என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நானும் பாத்தேனேக்கா அந்தப் பொட்டை. எதுக்க உக்காந்து பாத்தேன். எனக்கும் தோணலையே" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்தா வாரேன் என்று அங்கே பதில் சொல்லிவிட்டு, என்னிடம் கேட்டார்.

"உங்களுக்கு வேலை கெடச்சிருச்சாக்கா?"

கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"கெடச்சிருச்சு தம்பி."

"அப்பச் சரிக்கா. லாரி நிக்குது, வச்சிர்றேன்."

திங்கட்கிழமை என் முதல் வகுப்பு. உண்மையான பிள்ளை, ஆறாம் வகுப்பு, இரட்டைச் சடை. காற்று அன்று மரத்தை முறிக்கிற மாதிரி அடித்தது. வெளியே கம்பத்துக்குக் கம்பம் வயர் ஊஞ்சலாக ஆடியது. நாற்பது நிமிடம் ஒரு நொடிகூட அறவில்லை. அந்த லைன்மேன் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போன லைன்தான்.